வரம்புக்கு மேலே நிற்கும் அணி மார்ச்சில் எப்படி ஆள் எடுக்கிறது?

கேள்வி: அமெரிக்க ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லில் ஒவ்வோர் அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு என்கிறார்கள். ஆனால் பிப்ரவரியில் வரம்பைவிடப் பல கோடி டாலர் மேலே நிற்கும் அணி, மார்ச்சில் பெரிய ஆட்டக்காரர்களை ஒப்பந்தம் செய்கிறது. அப்படியென்றால் வரம்பு வெறும் கண்துடைப்பா? அணிக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பிலுள்ள ஜெனரல் மேனேஜர், இரண்டு சீசன்களுக்கு இடைப்பட்ட ஆஃப்சீசனை எங்கிருந்து திட்டமிடத் தொடங்குவார்?

பதில்:

கண்துடைப்பு இல்லை. 1994இல் 3.46 கோடி டாலரில் தொடங்கிய வரம்பு 2025இல் 27.92 கோடி டாலர். இடையில் 2010 மட்டும்தான் வரம்பே இல்லாத ஆண்டு. அபராத வரி கட்டிவிட்டு மேலே போகும் வசதி அமெரிக்கக் கூடைப்பந்து அணிகளுக்கு உண்டு, இங்கே கிடையாது. மார்ச் நடுவில் லீகின் புதிய ஆண்டு பிறக்கும்போது 32 அணிகளும் வரம்புக்குள் இருந்தாக வேண்டும்.

சில சிறு விலக்குகளை விட்டுவிட்டால், ஆட்டக்காரருக்குக் கொடுத்த பணம் முழுவதும் என்றைக்காவது வரம்புக் கணக்கில் ஏறியே தீரும். எந்த ஆண்டின் கணக்கில் ஏறட்டும் என்பதில் மட்டும் அணிக்குக் கொஞ்சம் சுதந்திரம் இருக்கிறது. ஆஃப்சீசன் திட்டம் என்று பெரிதாகப் பேசப்படுவதில் முக்கால்வாசி இந்த ஆண்டுத் தேர்வுதான். மீதிக் கால்வாசி, யார் நன்றாக ஆடுவார் என்ற கணிப்பு. பெரும்பாலான அணிகள் கவிழ்வது அந்தக் கால்வாசியில்.

முதலில் போனஸ் கணக்கைப் புரிந்துகொண்டுவிட்டால் மற்றதெல்லாம் எளிது. ஆட்டக்காரர் கையெழுத்திடும்போது தரப்படும் போனஸ் அவர் கைக்கு உடனே போய்விடுகிறது. ஆனால் வரம்புக் கணக்கில் அது ஒப்பந்த ஆண்டுகளில், அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளில், சமமாகப் பிரித்து எழுதப்படுகிறது. அடிப்படைச் சம்பளம் அப்படியல்ல. அது அந்தந்த ஆண்டிலேயே முழுசாக ஏறும். ஆட்டக்காரரை நடுவில் விடுவித்தால், உத்தரவாதம் தராத சம்பளத்தை அணி கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஏற்கெனவே கொடுத்த போனஸில் இன்னும் எழுதப்படாமல் நிற்கும் பகுதி மொத்தமும் ஒரே தவணையில் கணக்கில் வந்து விழும். ஆள் அணியில் இல்லை, அவர் பெயரில் எண் மட்டும் நிற்கிறது. இதைத்தான் டெட் மணி என்கிறார்கள். ஒருவரை விடுவிப்பது லாபமா நஷ்டமா என்று கேட்டால், விடுவிப்பதால் கொடுக்காமல் தப்பிக்கும் சம்பளத்தையும் வந்து விழும் டெட் மணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விளையாட்டுத் தொலைக்காட்சியில் அரைமணி நேரம் கத்துவதைவிட அது வேகமாக விடை சொல்லும்.

இதற்கு டென்வர் பிராங்கோஸ் அணியும் பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் ரஸல் வில்சனும் போன்ற உதாரணம் வேறில்லை. 2022 மார்ச்சில் சியாட்டில் அணியிடமிருந்து அவரை வாங்க டென்வர் இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகள் (டிராஃப்ட் என்பது கல்லூரியிலிருந்து வரும் புதியவர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது), இரண்டு இரண்டாம் சுற்று உரிமைகள், ஓர் ஐந்தாம் சுற்று உரிமை, கூடவே மூன்று ஆட்டக்காரர்கள் என்று அள்ளிக் கொடுத்தது. செப்டம்பரில், அவர் டென்வர் சட்டையில் ஒரு லீக் ஆட்டமும் ஆடுவதற்கு முன்பே, ஏறத்தாழ 24.5 கோடி டாலருக்கு ஐந்தாண்டு நீட்டிப்பு. பழைய ஒப்பந்தத்தில் அவருக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் பாக்கி இருந்தன. ஓர் ஆண்டு ஆடவிட்டுப் பார்த்திருக்கலாம். ஆள் ஆடுவதைப் பார்க்காமல் அவசரப்பட்டு எழுதிய இந்தக் கையெழுத்துதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் காரணம் என்பது என் கருத்து; கைமாற்று விலையைக்கூட மன்னித்துவிடலாம்.

அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து போனஸ் 5 கோடி டாலர். ஐந்து ஆண்டுகளில் பிரித்தால் ஆண்டுக்கு 1 கோடி. 2023இல் இன்னொரு 2 கோடி டாலர் போனஸ். அதுவும் ஐந்தாகப் பிரிந்து ஆண்டுக்கு 40 லட்சம். வில்சன் தொடக்கத்திலிருந்தே களமிறங்கிய 30 ஆட்டங்களில் அணி வென்றது 11. 2023 சீசன் முடிந்தபோது முதல் போனஸில் 3 கோடி, இரண்டாவதில் 1.6 கோடி, ஆக 4.6 கோடி டாலர் இன்னும் எழுதப்படாமல் நின்றது. 2024க்கான 3.9 கோடி டாலர் சம்பளத்துக்கு முழு உத்தரவாதம் வேறு. இரண்டையும் கூட்டினால் 8.5 கோடி டாலர். ஒரே ஆட்டக்காரருக்காக ஓர் அணி சுமந்த டெட் மணியில் அன்றைய தேதிக்கு அதுதான் சாதனை.

இவ்வளவு நஷ்டத்தோடு ஏன் அனுப்ப வேண்டும், இன்னோர் ஆண்டு வைத்துக்கொள்ளக் கூடாதா? ஒப்பந்தத்தில் இன்னொரு தேதி ஒளிந்திருந்தது. 2024 லீக் ஆண்டின் ஐந்தாம் நாள், அதாவது மார்ச் 17 அன்று, அவர் அணியில் இருந்தால் 2025க்கான 3.7 கோடி டாலருக்கும் உத்தரவாதம் வந்துவிடும். அதற்கு முன் காயம்பட்டு உடல்தகுதியில் தேறாவிட்டாலும் அதே கதி. 2023 டிசம்பரில், கடைசி இரண்டு ஆட்டங்களுக்கு வில்சனை உட்காரவைத்து மாற்று குவார்ட்டர்பேக் ஜாரட் ஸ்டிட்டமை ஆடவைத்தார்களே, அதன் பின்னணியில் நின்றது இந்தத் தேதி. பயிற்சியாளர் ஷான் பேட்டன் ஆட்டக் காரணங்களைச் சொன்னார், இருந்திருக்கலாம். ஆனால் ஒப்பந்தத்தைப் படித்த எவருக்கும் அந்தப் பெஞ்சு ஆச்சரியம் தரவில்லை.

இங்கேதான் ஜூன் 1 விதி வருகிறது. ஜூன் 1க்குப் பிறகு ஒருவரை விடுவித்தால் டெட் மணி இரண்டாகப் பிரியும்: அந்த ஆண்டுக்குரிய பங்கு அந்த ஆண்டில், மீதி அத்தனையும் அடுத்த ஆண்டில். மார்ச்சிலேயே விடுவித்துவிட்டு, ஜூனில் விடுவித்ததாகக் கணக்கில் வைத்துக்கொள்ளும் சலுகையும் உண்டு. ஆண்டுக்கு இரண்டு பேருக்கு மட்டும். டென்வர் அதைப் பயன்படுத்தியது. 2024இல் 1 கோடி, 40 லட்சம், 3.9 கோடி சேர்ந்து 5.3 கோடி. 2025இல் மீதி 3.2 கோடி. 2024இல் லீகின் வரம்பு 25.54 கோடி, அதில் ஐந்தில் ஒரு பங்கு ஊரில் இல்லாத ஒருவருக்குப் போனது. வில்சன் பிட்ஸ்பர்க் அணிக்குக் குறைந்தபட்சச் சம்பளமான 12.1 லட்சம் டாலருக்குப் போனார். டென்வர் கொடுக்கவேண்டியதில் அந்தத் தொகை மட்டும் கழிந்தது. வேறு அணி எவ்வளவு கொடுத்தாலும் அது டென்வருக்குத்தான் மிச்சம் என்பதால், அதிகம் கேட்க வில்சனுக்குக் காரணமே இல்லை. பிட்ஸ்பர்க்குக்கு அடித்தது யோகம்.

ஜூன் 1 சலுகையில் ஒரு பொறி உண்டு, பல ரசிகர்கள் கவனிப்பதில்லை. மிச்சமாகும் பணம் ஜூனில்தான் கைக்கு வரும். அதுவரை அந்த ஆட்டக்காரரின் முழு எண்ணும் கணக்கிலேயே நிற்கும். மார்ச் சந்தையில் அந்தப் பணத்தைக் கொண்டு யாரையும் வாங்க முடியாது. டிராஃப்டில் எடுத்தவர்களுக்கும் சீசன் நடுவில் வரும் செலவுகளுக்கும்தான் அது உதவும்.

டென்வர் அந்த ஆஃப்சீசனில் வேறென்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் அணியின் தூணாக இருந்த தற்காப்பின் கடைசி வரிசையில் நிற்கும் சேஃப்டி ஜஸ்டின் சிம்மன்ஸை விடுவித்தது. எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் ஜெரி ஜூடியை ஐந்தாம், ஆறாம் சுற்று உரிமைகளுக்கு கிளீவ்லாந்துக்கு அனுப்பியது. டிராஃப்டில் 12ஆவது இடத்தில் குவார்ட்டர்பேக் போ நிக்ஸை எடுத்தது: நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்துச் சுமார் 1.86 கோடி டாலர். சந்தையில் நடுத்தரக் குவார்ட்டர்பேக்குக்கு ஓராண்டுக்கே அதைவிட அதிகம் போகும். 2024இல் பத்து வெற்றி, ஏழு தோல்வி. 2015 சீசனில் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை வென்றபின் முதன்முறையாக, பட்டத்துக்கான நாக்அவுட் சுற்றான பிளேஆஃப். அந்த ஆண்டின் 5.3 கோடி டாலர் சுமையோடு! சுமையைச் சுமந்துகொண்டே எதிரணி ரிசீவர்களை மறிக்கும் கார்னர்பேக் பேட்ரிக் சர்ட்டனுக்கு நான்காண்டு 9.6 கோடி, குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் அரணாக நிற்கும் கார்டு குவின் மைனர்ஸுக்கு நான்காண்டு 8 கோடி என்று தன் சொந்த டிராஃப்ட் பிள்ளைகளுக்கு நீட்டிப்பும் கொடுத்தது. குவார்ட்டர்பேக் மலிவாக இருந்தால் இதெல்லாம் நடக்கும்.

அந்த மலிவு எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 2010 டிராஃப்டின் முதல் ஆளான சாம் பிராட்ஃபர்டுக்கு ஆறாண்டு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம், அதில் 5 கோடிக்கு உத்தரவாதம். 2011இல் ஆட்டக்காரர் சங்கத்தோடு போட்ட உடன்படிக்கை மாறி, புதியவர்களின் சம்பளம் டிராஃப்ட் இடத்தின்படி நிர்ணயமானது. அந்த ஆண்டின் முதல் ஆளான கேம் நியூட்டனுக்கு நான்காண்டு 2.2 கோடி. அன்றிலிருந்து நல்ல இளம் குவார்ட்டர்பேக்கைக் கண்டெடுத்தவன் பாக்கியசாலி. சியாட்டில் 2013 சீசனில் பட்டம் வென்றபோது அதன் குவார்ட்டர்பேக், மூன்றாம் சுற்றில் எடுத்த ஓர் இளைஞர். ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர்கூட வாங்கவில்லை. அவர் பெயர் ரஸல் வில்சன். டென்வர்க்காரர்கள் இதைப் படித்தால் பெருமூச்சு விடட்டும்.

இனி உங்கள் கேள்வியின் முதல் பாதி: வரம்புக்கு மேலே நிற்கும் அணி எப்படிக் கீழே வருகிறது? பெரும்பாலும் மறுசீரமைப்பால். ஒருவருக்கு இந்த ஆண்டு அடிப்படைச் சம்பளம் 2 கோடி டாலர் என்று வையுங்கள். அதில் 1.8 கோடியைப் போனஸாக மாற்றி இன்றே கொடுத்துவிடுகிறார்கள். ஐந்து ஆண்டுகளில் பிரித்தால் ஆண்டுக்கு 36 லட்சம். இந்த ஆண்டுக் கணக்கில் மிச்சச் சம்பளம் 20 லட்சமும் போனஸ் பங்கு 36 லட்சமும் சேர்ந்து 56 லட்சம்தான். ஒரு கையெழுத்தில் 1.44 கோடி இடம் கிடைத்துவிட்டது. ஆட்டக்காரர் ஒரு சென்ட்கூட இழக்கவில்லை. மாறாக, வாரா வாரம் வரவேண்டியது முன்கூட்டியே வந்துவிட்டது. பெரும்பாலான பெரிய ஒப்பந்தங்களில் இப்படி மாற்றும் உரிமையை அணி முதலிலேயே எழுதி வாங்கிவிடுவதால் அவர் சம்மதம்கூடத் தேவைப்படாது. அதனால் "அணிக்காகத் தன் சம்பளத்தை மாற்றியமைத்தார்" என்று செய்தி வந்தால் கைதட்ட வேண்டாம். உண்மையான சம்பளக் குறைப்பு வேறு, இது வேறு.

ஒப்பந்தத்தில் ஐந்து ஆண்டுகள் மீதமில்லாவிட்டால் என்ன செய்வது? பெயருக்கு மட்டும் இருக்கும் வெற்று ஆண்டுகளைப் பின்னால் ஒட்டுகிறார்கள். ஆட்டக்காரர் அந்த ஆண்டுகளில் ஆடப்போவதில்லை என்று இரு தரப்புக்கும் தெரியும். அவை போனஸைப் பரப்பி எழுத இடம் தருகின்றன, அவ்வளவுதான். உண்மையான ஆண்டுகள் முடிந்ததும் வெற்று ஆண்டுகள் கலைந்து, மிச்சம் அத்தனையும் ஒரே ஆண்டில் விழுகிறது. குவார்ட்டர்பேக் டாம் பிராடி 2023 பிப்ரவரியில் ஓய்வு பெற்றபோது டாம்பா பே அணியின் அந்த ஆண்டுக் கணக்கில் 3.51 கோடி டாலர் இப்படி விழுந்தது.

டாம்பா அதை எப்படி எதிர்கொண்டது என்பது எனக்குப் பிடித்த கதை. தள்ளிப்போடவில்லை. அந்த ஒரே ஆண்டில் வாங்கிக்கொண்டது. பல அணிகள் கைவிட்ட குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்டை ஓராண்டுக்கு 40 லட்சம் அடிப்படையில் எடுத்தது. இந்த அணி தேறாது என்று எல்லோரும் கைகழுவிவிட்ட அந்த ஆண்டில் தன் பிரிவை வென்று, பிளேஆஃப் முதல் ஆட்டத்தில் பிலடெல்பியாவை 32-9 என்று துவைத்தது.

நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் எதிர்த்திசையில் போனது. 2021இல் பெருந்தொற்றால் வருமானம் விழுந்து, வரம்பு 19.82 கோடியிலிருந்து 18.25 கோடிக்கு இறங்கியது. ஆண்டுதோறும் ஏறும் என்று நம்பிக் கடனைத் தள்ளிக்கொண்டே வந்த செயின்ட்ஸ் அப்போது சுமார் 10 கோடி டாலர் மேலே நின்றது. ஓய்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த குவார்ட்டர்பேக் ட்ரூ பிரீஸ் தன் 2.5 கோடி டாலர் சம்பளத்தைக் குறைந்தபட்சமான 10.75 லட்சத்துக்கு இறக்கிக் கொடுத்தார். மற்றவர்களின் ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாக மறுசீரமைக்கப்பட்டன. ஜெனரல் மேனேஜர் மிக்கி லூமிஸ் வரம்புக்குள் வந்தே விட்டார். அந்தச் சாமர்த்தியத்தை யாரும் மறுக்க முடியாது. அடுத்த ஆண்டும் அதே கதை, அதற்கடுத்த ஆண்டும். 2023இல் குவார்ட்டர்பேக் டெரெக் காருக்கு நான்காண்டு 15 கோடி. 2025 மார்ச்சில் அவர் ஒப்பந்தத்தையும் மறுசீரமைத்தார்கள். மே மாதம் தோள் காயத்தால் அவர் ஓய்வை அறிவித்தார். பிரீஸ் போன பின் 2021 முதல் 2024 வரை நான்கு சீசன்களில் பிளேஆஃப் பக்கமே போகவில்லை. 2024இல் ஐந்து வெற்றி, பன்னிரண்டு தோல்வி. கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருபவரிடம் பணம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் ஒருநாளும் நிமிரமாட்டார். (வில்சனை வெட்டிவிட்டு 8.5 கோடியை இரண்டே ஆண்டுகளில் விழுங்கிய ஷான் பேட்டன், அதற்கு முன் செயின்ட்ஸில் லூமிஸோடு நெடுங்காலம் இருந்தவர். பாடம் அங்கேயே படித்திருப்பார் போலும்.)

தள்ளிப்போடுவதே பாவம் என்று இதிலிருந்து முடிவு கட்ட வேண்டாம். பிலடெல்பியா ஈகிள்ஸின் ஜெனரல் மேனேஜர் ஹோவி ரோஸ்மேன் அளவுக்குப் பணத்தைப் பின்னால் தள்ளுபவர்கள் குறைவு. குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸின் 2023ஆம் ஆண்டு ஒப்பந்தம், ஐந்தாண்டு 25.5 கோடி, வெற்று ஆண்டுகளில் போனஸ்களைப் பரப்பி எழுதியதுதான். ஆனாலும் 2025 பிப்ரவரியில் கன்சாஸ் சிட்டியை 40-22 என்று தோற்கடித்துச் சூப்பர் பவுல் எடுத்தார்கள். இரு அணிகளுக்கும் என்ன வித்தியாசம்? ஈகிள்ஸ் இருபதுகளின் நடுவில் இருப்பவர்களுக்காகத் தள்ளுகிறது. பில் வரும் ஆண்டிலும் அந்த ஆள் களத்தில் நன்றாக ஆடிக்கொண்டிருப்பார். செயின்ட்ஸ் முப்பதைத் தாண்டியவர்களுக்காகத் தள்ளியது. பில் வந்தபோது ஆள் இல்லை, அல்லது இருந்தும் பழைய ஆள் இல்லை. உங்கள் அணி ஒருவர் சம்பளத்தை மறுசீரமைத்ததாகச் செய்தி வந்தால், முதலில் அவர் வயதைப் பாருங்கள்.

வரம்பு ஏறும் வேகமும் இதில் சேர்கிறது. 2023இல் 22.48 கோடி, 2024இல் ஒரே தாவலில் 25.54 கோடி. தொலைக்காட்சி ஒப்பந்தங்களின் வருமானம் பெருகப் பெருக வரம்பும் ஏறுகிறது. இன்றைய 1 கோடி மூன்று ஆண்டு கழித்து வரம்பில் சிறிய பங்காகிவிடும் என்பதால், சீக்கிரம் கையெழுத்து வாங்குபவருக்கு எப்போதும் லாபம். ரோஸ்மேன் 2024 ஏப்ரலில் டெவான்ட்டா ஸ்மித்துக்கு மூன்றாண்டு 7.5 கோடியும் ஏ.ஜே. பிரவுனுக்கு மூன்றாண்டு 9.6 கோடியும் கொடுத்து முடித்துவிட்டார். பிரவுனின் ஆண்டு சராசரி 3.2 கோடி, அன்று ரிசீவர்களில் அதுவே உச்சம், ஊரே வாயைப் பிளந்தது. ஜூனில் மினசோட்டாவின் ஜஸ்டின் ஜெஃபர்சன் 3.5 கோடி சராசரி வாங்கினார். அடுத்த மார்ச்சில் சின்சினாட்டியின் ஜமார் சேஸ் 4 கோடியைத் தாண்டினார். டல்லாஸ் கவ்பாய்ஸோ எல்லாவற்றையும் கடைசி நிமிடத்துக்கு இழுக்கும் அணி. ரிசீவர் சீடி லாம்புக்கு 2024 ஆகஸ்ட் கடைசியில் நான்காண்டு 13.6 கோடி. குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டுக்குச் செப்டம்பரில், சீசனின் முதல் ஆட்டத்தன்று, நான்காண்டு 24 கோடி. மைக்கா பார்சன்ஸ் விஷயத்தில் இழுத்து இழுத்து, 2025 ஆகஸ்டில் கிரீன் பேக்கு அனுப்பும் நிலைக்கே வந்தார்கள். பொறுமை எல்லா இடத்திலும் அறம் அல்ல.

சரி, ஜெனரல் மேனேஜர் எங்கிருந்து தொடங்குவார்? சீசன் முடிந்த வாரத்தில் அவர் மேசையில் இருப்பது வெளியாட்களின் பட்டியல் அல்ல, சொந்த ஆட்களின் பட்டியல். குவார்ட்டர்பேக்கின் எண் முதலில். அவர் டிராஃப்ட் ஒப்பந்தத்தில் இருக்கிறாரா, பெரிய ஒப்பந்தத்துக்கு வந்துவிட்டாரா என்பதை வைத்து அணியின் மற்ற எல்லா முடிவுகளும் மாறும். அடுத்து, யாரை நீட்டிக்கப்போகிறோம், யாரை அன்போடு அனுப்பப்போகிறோம், யாரை விடுவித்தால் இடம் கிடைக்கும் என்ற கணக்கு. இதை இந்த ஓராண்டுக்கு மட்டும் போட்டால் போதாது. மூன்று ஆண்டுகளுக்கான கட்டங்களைப் பக்கத்தில் வரைந்துகொள்ள வேண்டும். இந்த ஆண்டில் நகர்த்தும் ஒவ்வோர் எண்ணும் அடுத்த இரண்டு கட்டங்களில் எங்கே போய் உட்காருகிறது என்று தெரியாதவர் வரம்புக் கணக்கில் கைவைக்கக் கூடாது.

பிப்ரவரி கடைசியிலும் மார்ச் தொடக்கத்திலும் ஃபிரான்சைஸ் டேக் போடும் காலம். ஒப்பந்தம் முடிந்த ஒரே ஒருவரை, அவர் ஆடும் இடத்தின் உச்சச் சம்பளங்களை வைத்துக் கணக்கிட்ட தொகைக்கு, ஓராண்டு கட்டிவைக்கும் உரிமை. தொகை முழுவதும் அந்த ஓராண்டிலேயே ஏறும், பிரித்து எழுத வழியில்லை. எனவே அவகாசம் வாங்க மட்டும் பயன்படுத்த வேண்டிய கருவி. வாஷிங்டன் இதை குவார்ட்டர்பேக் கிர்க் கசின்ஸுக்கு 2016, 2017 என்று அடுத்தடுத்து இரண்டு முறை பயன்படுத்தியது: 1.995 கோடி, பிறகு 20 சதவீதம் கூட்டி 2.394 கோடி. இரண்டு ஆண்டுகளில் 4.3 கோடிக்கு மேல் கொடுத்துவிட்டு, மூன்றாம் ஆண்டு அவரை மினசோட்டாவுக்கு இழந்தது. அங்கே மூன்றாண்டு 8.4 கோடி, முழு உத்தரவாதத்தோடு. கன்சாஸ் சிட்டி 2024இல் கார்னர்பேக் லஜேரியஸ் ஸ்னீடுக்கு டேக் போட்டு, உடனே டென்னசிக்கு ஒரு மூன்றாம் சுற்று உரிமைக்குக் கைமாற்றியது. இது புத்திசாலித்தனம்: வைத்துக்கொள்ளப் பணம் இல்லை, சும்மா விடவும் மனமில்லை.

கன்சாஸ் சிட்டியைப் பற்றிச் சொல்லும்போது 2022 மார்ச்சைத் தாண்டிப்போக முடியாது. குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸுக்கு 2020இலேயே பத்தாண்டு 45 கோடி ஒப்பந்தம். ரிசீவர் டைரீக் ஹில்லும் பெரிய தொகை கேட்டார். அவரை மயாமிக்கு அனுப்பி ஐந்து டிராஃப்ட் உரிமைகளை வாங்கினார்கள். மயாமி அவருக்கு நான்காண்டு 12 கோடி கொடுத்தது. கன்சாஸ் கைக்கு வந்த 29ஆவது இடத்தை வைத்து மேலே ஏறி 21ஆவது இடத்தில் கார்னர்பேக் டிரென்ட் மெக்டஃபியை எடுத்தது. அடுத்த இரண்டு சீசன்களிலும் பட்டம். ஹில் மயாமியில் அற்புதமாக ஆடினார் என்பதையும் சொல்லவேண்டும். அந்தக் கைமாற்றில் ஹில்லின் திறமை குறித்த சந்தேகமே இல்லை. ஒருவருக்குக் கொடுக்கும் 3 கோடியில் நான்கைந்து இளம் தற்காப்பு ஆட்டக்காரர்களை நிறுத்தலாம் என்ற கணக்கு அது. ஆனால் மஹோம்ஸ் இல்லாத அணி இதைப் பார்த்துக் காப்பியடித்தால் கையைச் சுட்டுக்கொள்ளும். ரிசீவர் போனாலும் பந்தைச் சேர்க்கத் தெரிந்த குவார்ட்டர்பேக் இருந்ததால்தான் கணக்கு பலித்தது.

மார்ச் சந்தை திறந்து முதல் மூன்று நாள் விலைகள் எப்போதும் வீங்கியிருக்கும். என்னைக் கேட்டால், முதல் அலையில் ஒருவர், அதுவும் இருபத்தேழு வயதுக்குள். மற்ற ஓட்டைகளை இரண்டாம் வாரத்தில் ஓராண்டு ஒப்பந்தங்களால் அடைக்கலாம். ஈகிள்ஸ் 2024இல் லைன்பேக்கர் சாக் பானை ஓராண்டு 35 லட்சத்துக்கு எடுத்தது இப்படித்தான். அவர் அந்த ஆண்டின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர்களில் ஒருவராகிவிட்டார். வெளியாட்களை அதிகம் வாங்காமல் இருப்பதற்கு இன்னொரு கூலியும் உண்டு. வாங்கியதைவிட இழந்தது அதிகமானால் லீக் அடுத்த டிராஃப்டில் இழப்புக்கு ஈடாகக் கூடுதல் உரிமைகள் தருகிறது. பால்டிமோர் ரேவன்ஸ் பல ஆண்டுகளாக இதை ஒரு கலையாகவே செய்துவருகிறது. பழைய அணி விடுவித்த ஒருவரை எடுத்தால் அந்த எண்ணிக்கையில் சேராது; ஒப்பந்தம் முடிந்து வந்தவரை எடுத்தால் சேரும். டிராஃப்ட் முடிந்த சில நாள்களுக்குப் பின் யாரை எடுத்தாலும் சேராது. மே மாதத்தில் திடீரென்று சில நல்ல மூத்தவர்களுக்கு வேலை கிடைப்பதன் ரகசியம் அதுதான்.

வரம்பில் மிச்சம் இருக்கும் அணி அந்த மிச்சத்தையே விற்கவும் செய்யலாம். 2017 மார்ச்சில் ஹூஸ்டன், குவார்ட்டர்பேக் பிராக் ஆஸ்வைலருக்குத் தரவேண்டிய 1.6 கோடி டாலர் உத்தரவாதச் சம்பளத்திலிருந்து தப்பிக்கத் துடித்தது. கிளீவ்லாந்து ஆஸ்வைலரை வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டது; கூலியாக ஹூஸ்டனின் 2018ஆம் ஆண்டு இரண்டாம் சுற்று உரிமை. ஆஸ்வைலரைச் சீசன் தொடங்கும் முன்பே விடுவித்துவிட்டார்கள். அந்த உரிமையில் 35ஆவது இடத்தில் எடுத்தவர் பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் நிக் சப்.

டிராஃப்டைப் பற்றி வரம்புக் கோணத்தில் அதிகம் சொல்ல இல்லை. புதியவர்களின் சம்பளம் இடத்துக்கு இடம் ஏற்கெனவே நிர்ணயிக்கப்பட்டது. ஆஃப்சீசனில் 90 பேர் வரை வைத்திருக்கலாம் என்றாலும் சம்பளத்தில் மேலே உள்ள 51 பேர்தான் கணக்கில் வருவார்கள். அதனால் நான்காம் சுற்றுக்காரர் உள்ளே வரும்போது ஏறக்குறைய அதே சம்பளமுள்ள ஒருவர் 51க்குக் கீழே தள்ளப்படுகிறார். நிகரச் செலவு அற்பம். "டிராஃப்டில் எடுத்தவர்களுக்குப் பணம் இல்லையே" என்ற புலம்பலைக் கேட்டால் கண்டுகொள்ள வேண்டாம்.

ஆகஸ்ட் கடைசியில் 90 பேர் 53 ஆகக் குறைகிறார்கள். சீசன் தொடங்கியதும் அந்த 51 சலுகை போய்விடும்: 53 பேரும், பயிற்சிக் குழுவில் உள்ளவர்களும், காயப் பட்டியலில் படுத்திருப்பவர்களும் எல்லோரும் கணக்கில் வருவார்கள். ஒருவர் முழங்கால் போய்ப் படுத்தால் அவர் சம்பளமும் ஓடும், அவர் இடத்துக்கு வந்தவர் சம்பளமும் ஓடும். ஜூலையில் "இன்னும் ஒரு கோடி டாலர் சும்மா கிடக்கிறதே, ஏன் யாரையும் வாங்கவில்லை" என்று ரசிகர்கள் திட்டுவது இந்தக் காசைத்தான். அக்டோபருக்குள் அதில் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். மிஞ்சினால் வீணாகாது, அணி விரும்பினால் செலவழிக்காத தொகை அடுத்த ஆண்டு வரம்போடு கூடிக்கொள்ளும், அடுத்த மார்ச்சில் இரண்டு பேரின் சம்பளத்தைத் தள்ளிவைக்காமல் தப்பிக்கலாம்.